இளையோருக்கான ஆறு மணி ஆராதனை: பெங்களூர்த் தமிழ்ச் சபை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபை, ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு இளையோருக்கென்று தனி ஆராதனை ஒன்றை நடத்தி வருகிறது. காலை ஆராதனைக்கு வராமல் போய்விட்ட, இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கும் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவதே இதன் நோக்கம் என்று சபையின் அறிவிப்புத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கடந்த சில மாதங்களாக அங்கே போய்வருகிறேன். குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் சபையின் பெயரைச் சொல்லவில்லை. இதே அச்சில் வார்த்த மாலை ஆராதனைகள் அந்நகரில் வேறு சபைகளிலும் இருப்பதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தக்கூடும்.

இந்த ஆராதனை யாருக்காக ஏற்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து மென்பொருள் நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்கு வந்து, பி.ஜி. விடுதிகளிலோ நான்கு பேராகச் சேர்ந்து எடுத்த வாடகை வீடுகளிலோ தங்கியிருப்பவர்கள்தாம் இதற்கு வருபவர்களில் பெரும்பாலோர். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்தவர்கள், கோடை விடுமுறையில் வி.பி.எஸ். எனும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் பாடல்களைக் கையசைத்துப் பாடியவர்கள், பதினைந்து வயதில் பேராயரிடம் திடப்படுத்தல், அதாவது சபையின் முழு அங்கத்தினராக உறுதிசெய்யும் சடங்கு, பெற்றவர்கள். இவர்களில் யாரும் சண்டை போட்டுக்கொண்டு சபையைவிட்டுப் போகவில்லை. பெங்களூருக்கு வந்த புதிதில் ஏதாவது ஒரு கோயிலை (எங்கள் பக்கத்தில் தேவாலயத்தை அப்படித்தான் சொல்வோம்) தேடிப் போவார்கள். சனிக்கிழமை இரவுப் பணி, ஞாயிறு காலைத் தூக்கம், துவைக்க வேண்டிய துணி என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போகும். பிறகு கிறிஸ்துமஸுக்கும், சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கும் ஊருக்குப் போகும்போது மட்டும் கோயில் என்றாகிவிடும். திடப்படுத்தல் முடிந்ததும் பிள்ளைகள் பாஸாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று எங்கள் பக்கத்துக் குருமார்கள் பிரசங்கத்தில் நொந்துகொள்வதுண்டு. அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி ஊர்களின் அமைப்பில் இருக்கிறது. மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, கால்டுவெல் 1841இல் இடையன்குடியில் குடியேறியதிலிருந்து, அந்தச் சீமையில் உருவான கிறிஸ்தவ ஊர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் தெருவும் ஒன்றோடொன்று பின்னியே வளர்ந்தன. கோயிலுக்குப் போவது அங்கே தனியாக எடுக்க வேண்டிய முடிவாக இருந்ததில்லை. ஒரு ஞாயிறு ஒரு பையனைக் காணவில்லை என்றால் திங்கள்கிழமை, சபையைக் கவனிக்கும் உபதேசியார் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார், அல்லது அவன் ஆச்சியின் காதுக்குச் செய்தி போய்விடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். கர்நாடகத்தில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே இரவுப் பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைக்குக் கோயிலுக்குப் போவது முதன்முறையாகத் தானே விரும்பிச் செய்ய வேண்டிய காரியம் ஆகிறது. அதற்கு அவனை யாரும் பழக்கவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால், மாலை ஆறு மணி என்ற தேர்வு புத்திசாலித்தனமானது. காலை எட்டரை மணி ஆராதனை குடும்பங்களின் நேரம். இரவுப் பணி முடித்து விடியற்காலையில் படுப்பவருக்கு அது நடுநிசிக்குச் சமம். ஊதா வழித்தட மெட்ரோ 2023இல் ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடத் தொடங்கியபின், அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குப் போக்குவரத்துக் கவலையும் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆராதனை பெரும்பாலும் பத்து நிமிடம் தாமதித்துத்தான் தொடங்குகிறது; முடிவது ஏழே காலுக்கு மேல். இருசக்கர வண்டி நிறுத்த இடம் உண்டு, கார் கொண்டுவருவதை மறந்துவிடலாம்.

இசை நன்றாகவே இருக்கிறது. கித்தார், கீபோர்டு, தாளம் தட்ட ஒரு கஹோன் பெட்டி, முன்னே நின்று பாட நான்கு பேர். பாடல் வரிகள் திரையில் தமிழிலும், பெங்களூரிலேயே பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்துகளிலும் ஓடுகின்றன. ஆனால் எல்லாப் பாடல்களும் முன்னே நின்று பாடுபவரின் குரல் உயரத்துக்கு ஏற்பச் சுருதி கூட்டப்பட்டிருப்பதால், நாசரேத், பாளையங்கோட்டைப் பக்கத்துப் பாடகர் குழுக்களில் ஆல்டோ, டெனர், பாஸ் என்று குரல்வாரியாகப் பிரித்துப் பாடிப் பழகியவர்கள் இரண்டாவது சரணத்திலேயே வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு மாலை, மின்சாரம் போய்த் திரையும் ஒலிபெருக்கியும் அணைந்துவிட்டன. கீபோர்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, பின் பெஞ்சிலிருந்து ஒருவர் ஒரு பழைய கீர்த்தனையின் பல்லவியை எடுத்துவிட்டார். அனுபல்லவிக்குள் அறை முழுவதும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் சரணம் வரை ஒருவருக்கும் வரிகள் தேவைப்படவில்லை. டெனர் எங்கிருந்தோ வந்தது, பாஸும் வந்தது. மின்சாரம் திரும்பியதும் மேடையிலிருந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு, அட்டவணையிலிருந்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரமும் கீர்த்தனை இல்லை. இளையவர்களுக்குப் பழையது பிடிக்காது என்று முடிவு கட்டியவர்கள் யார் என்று தெரியவில்லை. அவர்கள் அன்று அறையில் இருந்திருக்க மாட்டார்கள்.

வழிபாட்டு முறைமையில் அவர்கள் கைவைத்திருக்கும் இடங்கள்தாம் எனக்குப் பெரிய வருத்தம். நேரத்தைச் சுருக்குவதற்காகப் பாவ அறிக்கையை ஒரே ஜெபமாகக் குறைத்திருக்கிறார்கள்; சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் மாதம் ஒருமுறைதான்; சமாதானம் பகிர்தல் முழுவதுமாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதைப் பொறுக்க முடியவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து, 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அது 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறைமை, மேலைநாட்டுச் சபைகளில் அநேகமாக வழக்கொழிந்துபோயிருந்த சமாதானப் பகிர்தலைக் கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்துச் சபை மக்களின் கைகளில் திரும்பக் கொடுத்தது. வெளிநாட்டுச் சபைகள் பிற்பாடு தங்கள் முறைமைகளைத் திருத்தியபோது திரும்பிப் பார்த்த முன்மாதிரிகளில் அதுவும் ஒன்று. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்வார்கள். பீடத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக, கடைசி பெஞ்சில் தூண் மறைவில் இருப்பவர்வரை அது போய்ச் சேரும்.

வாரம் முழுவதும் திரையைப் பார்த்தே வேலை செய்து, விடுதியில் தனித்தட்டில் சாப்பிட்டுப் படுக்கும் ஒருவருக்கு, இன்னொரு மனிதர் தம் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்து முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும் நேரம் வாரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம் பிடிக்கும். அதே மூன்று நிமிடத்தை இப்போது வரவிருக்கும் முகாமுக்கான அறிவிப்புக் காணொளி எடுத்துக்கொள்கிறது. இதை ஆயரிடம் நேரிலேயே சொன்னேன். கொரோனாக் காலத்தில் நிறுத்தியது, திரும்பத் தொடங்கவில்லை, பார்க்கலாம் என்றார். காலை ஆராதனையில் எப்போதோ திரும்பத் தொடங்கிவிட்டார்கள்.

பிரசங்கம் இருபத்தைந்து நிமிடம். ஆயர் நன்றாகப் பேசுகிறார், வேதபாடத்தைவிட்டு விலகுவதில்லை, கேட்பவரைச் சிறுபிள்ளையாக நடத்துவதில்லை. ஆனால் எடுத்துக்கொள்ளும் விஷயங்களில் ஓர் எல்லைக்கோடு இருப்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். கைப்பேசி, குடி, உறவுகளில் தூய்மை, அலுவலகத்தில் நேர்மை என்ற நான்கும் சுற்றிச்சுற்றி வரும். இந்த வயதினர் வெளியே தேநீர்க் கடையில் நின்று உண்மையில் பேசிக்கொள்பவை வேறு. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று பாடிவிட்டு வீட்டுக்கு வந்து சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் பெற்றோர். சபைத் தேர்தலில் அணி கட்டி மோதி நீதிமன்றப் படி ஏறும் பெரியவர்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து தன்னைவிட நல்லவளாக வாழும் இந்துத் தோழி நரகத்துக்குப் போவாளா என்ற கேள்வி. ஒரு பிள்ளை ஞாயிறு பள்ளியில் படித்ததையும் கண்ணால் பார்ப்பதையும் ஒட்டவைக்க முடியாமல் போகும் இடங்கள் இவைதாம். இசையை எத்தனை முறை மாற்றினாலும் இந்த இடங்களைத் தொட்டதாகாது.

இதற்கு ஒரு வழியைச் சபையே ஏற்படுத்தியிருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் தேநீரும் வெஜ் பஃப்ஸும் கொடுத்து, ஆறு ஆறு பேராக வட்டமாக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசவிடுகிறார்கள். கேள்விகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். மாதக் கடைசியில் ஆயர் எடுத்துப் பதில் சொல்வார். நான் இருந்த ஒரு மாலையில் வந்த சீட்டு இப்படி இருந்தது: வேறு சாதிப் பையனை, அவனும் சி.எஸ்.ஐ. பிள்ளைதான், கட்டிக்கொள்ள வீட்டில் சம்மதிக்கவில்லை; ஊர்க் கோயிலில் ஐயா எங்களுக்கு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பாரா, கமிட்டி தடுக்குமா? ஆயர் சீட்டை இரண்டு முறை வாசித்தார். இது விரிவாகப் பேச வேண்டியது, அடுத்த மாதம் எடுத்துக்கொள்வோம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த மாதம் அது வரவில்லை. ஆனால் அன்றே, எங்கள் வட்டத்தில் இருந்த ஒரு செவிலியர், தன் அக்காள் கல்யாணத்தில் இதே பிரச்சினை எப்படி நடந்தது, யார் யாரைப் போய்ப் பார்த்தார்கள், எந்தக் குருவானவர் துணிந்து நின்றார் என்று இருபது நிமிடம் சொன்னார். வட்டத்தில் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. பெட்டியைவிட வட்டம் பயனுள்ளது என்பது என் துணிபு.

ஓலை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் சபையோடு எழுத்துப்பூர்வமாக உறவு வைத்திருக்கும் கடைசி இழை கல்யாணம்தான். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அதற்குச் சபை அங்கத்தினராக இருக்க வேண்டும், அதற்குச் சந்தா பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே பிள்ளை பெங்களூரில் வருடக்கணக்காகக் கோயில் வாசலை மிதிக்காவிட்டாலும், ஊரில் அப்பா அவன் பெயருக்கும் சேர்த்துச் சந்தா கட்டி ரசீது வாங்கி வைத்துக்கொள்கிறார். சபைப் பதிவேட்டைப் புரட்டினால் யாருமே விலகிப்போகவில்லை. விலகல் நடந்திருக்கிறது என்று ஊர்ச் சபைக்குத் தெரியவே தெரியாது. பெங்களூர்ச் சபைக்கோ அவர்கள் வந்ததே தெரியாது. இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவில் ஒரு தலைமுறை நிற்கிறது.

மாலை ஆராதனைக்கு வருகிறவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். பெரும்பாலோர் ஊரிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வரவில்லை; வாங்கிவரும்படி யாரும் கேட்பதுமில்லை. இங்கே அங்கத்தினர் இல்லை என்பதால் கமிட்டித் தேர்தலில் வாக்கு இல்லை. மாலை ஆராதனைக்கு என்ன பாட்டு, எவ்வளவு செலவு, முகாம் எப்போது என்பதையெல்லாம் காலை ஆராதனைக்கு வரும் கமிட்டி உறுப்பினர்களே முடிவு செய்கிறார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், செலவுக்கும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனாலும் இங்கே இளையவர்கள் விருந்தாளிகளே. வேதபாடம் வாசிக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு இணையப் படிவம் சுற்றுக்கு வந்தது. நிரப்பி அனுப்பியவர்களுக்குப் பதிலே வரவில்லை. மாறி மாறி அதே ஐந்து பேர்தாம் வாசிக்கிறார்கள். விதிவிலக்கு ஒன்றைப் பார்த்தேன். ஒலிக் கலவைப் பலகையை இயக்கியவர் வேலை மாறிப் புனேவுக்குப் போய்விட, கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பிரசங்கம் முடியும் முன்பே எழுந்துபோய்விடும் ஒரு பையனிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். இப்போது அவன் ஐந்தரைக்கே வந்து கம்பிகளைப் பிரித்து அடுக்குகிறான். வராத நாட்களில் முன்கூட்டியே தகவல் சொல்கிறான்.

இந்த ஆராதனையின் ஆகச் சிறந்த அம்சம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. சாயர்புரம் பக்கத்திலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், வாசலில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்திருப்பார். புதிதாக வருபவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தங்கும் இடம், கைப்பேசி எண் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதிக்கொள்வார். ஊர்ப் பெயரைக் கேட்டதும், அங்கே இன்னாரைத் தெரியுமா என்று ஒரு உறவை இழுத்துவிடுவார். இரண்டு வாரம் தொடர்ந்து காணாவிட்டால் புதன்கிழமை மாலை அவரிடமிருந்து அழைப்பு வரும். ‘என்னய்யா, ஆளையே காணல? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்லையே? நேரத்துக்குச் சாப்பிடுதியா?’ என்பார். ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று ஒருநாளும் கேட்க மாட்டார். அவரால்தான் மூன்றாவது, நான்காவது முறை வந்ததாக வட்டத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கமிட்டி இந்தப் பணியை வாட்ஸாப் குழுவுக்கு மாற்ற நினைப்பதாகக் கேள்வி. அப்படிச் செய்தால் அது பெரும் தவறு. குழுவில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே வசனப் படம் வரும். அதைப் பார்த்து இன்றுவரை யாரும் எழுந்து சட்டை மாட்டியதாகத் தெரியவில்லை.

எங்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் போய்ச் சேரும் புதிய தனிச் சபைகளோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஓட்டல் அரங்குகளிலும் வணிக வளாகங்களிலும் கூடும் அந்தச் சபைகளில் ஒலி துல்லியம், நேரம் துல்லியம், பேட்டைவாரியாக வீட்டுக் குழுக்களும் உண்டு. முதல்முறை போனவருக்கு மறுநாளே அழைப்பு வந்துவிடும். அங்கே வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைப் பற்றிய அழுத்தமும், தலைவர் ஒருவரைச் சுற்றியே எல்லாம் இயங்குவதும் சிலரைக் கொஞ்ச காலத்தில் வெளியே தள்ளிவிடுகின்றன. வெளியே வந்தவர்கள் பழைய சபைக்கும் திரும்புவதில்லை. நான் எழுதும் சபையில் காணிக்கைக்கு ஒரு க்யூ.ஆர். அட்டை மட்டும் மேசையில் இருக்கிறது, யாரும் வற்புறுத்துவதில்லை. அது நிம்மதி.

திருமணம் ஆகிக் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு இங்கே இடமே யோசிக்கப்படவில்லை. குழந்தை அழுதால் வராந்தாவில் நிற்க வேண்டியதுதான். அங்கே ஒலிபெருக்கியும் இல்லை, நாற்காலியும் இல்லை. கஷ்டப்பட்டுத் திரும்பக் கொண்டுவந்தவர்களை அடுத்த மூன்றாண்டுக்குள் மறுபடி இழக்கப்போகும் இடம் அந்த வராந்தா.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஒன்றை நேரத்துக்கும் இடத்துக்கும், இரண்டை அந்த வட்டத்துக்கும் நோட்டுக்கும் சேர்த்து. பெங்களூருக்குப் புதிதாக வந்திருப்பவர்கள், குறிப்பாக ஆள் பழக்கம் இல்லாதவர்கள், தயங்காமல் போகலாம். கீர்த்தனையும் முழு முறைமையும் வேண்டுமென்பவர்கள் அலாரம் வைத்துக்கொண்டு அதே சபையின் காலை ஆராதனைக்குப் போவது நல்லது. சமாதானப் பகிர்தலும் அங்கேதான் உண்டு. கேள்விகளோடு இருப்பவர்கள் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், ஏழே காலுக்குப் பக்கத்துக் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். கூட்டம் அதிகமான நாட்களில் பஃப்ஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேநீர் கடைசிவரை இருக்கும்.